நான் போட்ட சிவப்புக் கோடு

வழியில் யாருடைய வண்டி நின்றாலும் முதலில் கிண்டல், அப்புறம்தான் ஸ்பானர். எங்கள் நால்வர் கூட்டத்தில் இது எழுதாத சட்டம். நின்ற வண்டிக்காரர் வாயைத் திறக்காமல் அத்தனையையும் வாங்கிக்கொள்ள வேண்டும். முகம் சுளித்தால் இன்னொரு சுற்று கூடுதலாக விழும். மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நீலகிரி முழுக்கச் சுற்றுகிற ஆட்களாக இருந்தோம்.

யார் பேரையும் இங்கே எழுதப்போவதில்லை. என் பேரை எழுத எனக்குத் துணிச்சல் இல்லை. அப்படியிருக்க மற்றவர்கள் பேரை மட்டும் எழுதுவது நியாயமாகாது.

நான் அருவங்காட்டில் வெடிமருந்து ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் குடியிருப்பவன். ஃபிட்டர். சர்வீஸ் முடிய இன்னும் சில வருடம் பாக்கி. கைவேலையில் சுத்தம் உண்டு, வாய் கொஞ்சம் நீளம். வண்டியில் எது கெட்டாலும் என்னிடம்தான் வரும் என்பதால் கூட்டத்தில் எனக்கு 'டாக்டர்' என்று பட்டம். யாராவது அப்படிக் கூப்பிட்டால் உள்ளுக்குள் குளிர்ந்துபோவேன், வெளியே மட்டும் "அட விடுங்கப்பா" என்பேன்.

காந்தலிலிருந்து வருபவர் பள்ளிக்கூட வாத்தியார். அவர் வண்டி முதல் உதைக்குக் கிளம்பாது. "ரெண்டாவது தடவ கூப்புட்டாத்தானுங்க 'உள்ளேன் ஐயா' சொல்லும், நம்ம பசங்க மாதிரியே" என்று அவரே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார். சோலூரிலிருந்து வருபவர் கேரட் விவசாயி. பக்கப் பையில் ஒரு கிலோ கேரட் இல்லாமல் கிளம்பமாட்டார். கேரட் தின்றால் கண் நன்றாகத் தெரியும் என்பார்கள். இத்தனை தின்றும் ரோட்டிலுள்ள குழி ஒன்றுகூட அவர் கண்ணில் படுவதில்லையே என்று ஒவ்வொரு தடவையும் கேட்போம், ஒவ்வொரு தடவையும் சிரிப்போம்.

நான்காமவர் கோத்தகிரிப் பக்கம் ஓர் எஸ்டேட்டில், தேயிலை ஃபாக்டரியில் மெஷின் பார்ப்பவர். அவருடைய அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து இங்கே கொழுந்து பறித்தவர்கள். இவர் பிறந்தது கோத்தகிரியில்தான். இலங்கையைப் படத்தில் பார்த்திருந்தால் உண்டு. ஆனாலும் அவர் இல்லாத நேரத்தில் நாங்கள் அவரைச் 'சிலோன்காரர்' என்றுதான் சொல்வோம். எதிரில் இருந்தால் 'எஸ்டேட்டு'. எங்களில் வயதில் சின்னவர், முப்பத்தைந்து இருக்கும். வேலை நிரந்தரமில்லை, நாள் கூலிதான். வண்டியும் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஆனால் நான்கு வண்டிகளில் ஒருநாள்கூட வழியில் நிற்காதது அந்த வண்டிதான். அதனால் அவரைக் கிண்டல் செய்ய எங்களுக்கு வாய்ப்பே அமையவில்லை. அந்த எரிச்சல் எனக்குள் கொஞ்சம் இருந்திருக்கிறது.

அவர் எங்களிடம் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்திருந்தார். நட்டை முடுக்கினவரே அதைச் சரியென்று சொல்லக்கூடாது. இன்னொருவர் ஸ்பானர் போட்டு இழுத்துப் பார்க்க வேண்டும். அசையாமல் இருந்தால் நட்டிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் நெயில் பாலிஷால் ஒரு சிவப்புக் கோடு இழுக்க வேண்டும். பிற்பாடு நட்டு கொஞ்சம் நகர்ந்தாலும் கோடு விலகித் தெரிந்துவிடும். அவர்கள் தேயிலை ஃபாக்டரியில் பெயிண்ட் வைத்து இப்படித்தான் செய்வார்களாம். எங்களுக்காக மகளுடைய நெயில் பாலிஷ் பாட்டில் ஒன்றை டூல்ஸ் பையில் போட்டு வைத்திருந்தார். நான் முடுக்குவேன், அவர் பார்ப்பார், கோடு போடுவார். கோடு இருந்தால் பொறுப்பு அவருடையது என்று எல்லோருக்கும் தெரியும்.

என் ஃபாக்டரியிலும் நடைமுறை இதுதான். நான் செய்த வேலையை இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் ஒரு துண்டுகூட வாசலைத் தாண்டாது. அதை நான் ஒருநாளும் அவமானமாக நினைத்ததில்லை. கையெழுத்துப் போடுகிறவர் என்னைவிடப் பெரிய உத்தியோகம், அதனால் நினைக்கவில்லை.

அன்றைக்கு ஊட்டியிலிருந்து பைக்காரா வழியாகக் கூடலூர் போய்த் திரும்புவதாகத் திட்டம். நடுவட்டம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வாத்தியார் வண்டியின் பின் சக்கரம் பஞ்சராகிவிட்டது. நால்வரும் ஓரம்கட்டினோம்.

"ஏனுங்க வாத்தியாரே, டயர் லீவ் லெட்டர் குடுத்துருச்சுங்களா?" என்று கேரட்காரர் ஆரம்பித்தார்.

"மெடிக்கல் லீவுங்க. அதுக்குத்தான் டாக்டரைக் கையோட கூட்டிட்டு வந்திருக்கனே" என்று வாத்தியார் என்னைக் காட்டினார்.

"டாக்டர் பாத்தா லீவு கெடைக்காதுங்க. ஊசி போட்டு வேலைக்கு அனுப்பிச்சுருவாரு."

கிண்டல் ஒரு வழியாக முடிந்ததும், கேரட்காரர் வண்டியில் வாத்தியாரும் ஏறிக்கொண்டு, பின்னால் விட்டுவந்த கடையில் டீயும் வர்க்கி பிஸ்கட்டும் வாங்கிவரப் போனார்கள். நானும் எஸ்டேட்காரரும் சக்கரத்தைக் கழற்றினோம். பழைய டியூபில் ஒட்டுப் போடுகிற மாதிரி இல்லை, நீளமாகக் கிழிந்திருந்தது. புது டியூபை மாற்றிச் சக்கரத்தைத் திரும்பவும் மாட்டினோம். கைப்பம்பை வைத்துக்கொண்டு அவர் மூச்சு வாங்க அடித்துக்கொண்டிருந்தபோது, தொலைதூரம் ஓட்டுகிற பெரிய மோட்டார் சைக்கிள்கள் இரண்டு எங்கள் பக்கத்தில் வந்து நின்றன. மலப்புறத்திலிருந்து ஊட்டிக்குப் போகிறவர்கள். மோட்டார் சைக்கிளில் ஊர் சுற்றுகிற யாரும் இன்னொரு வண்டி ஓரமாக நிற்பதைப் பார்த்துவிட்டு நிற்காமல் போவதில்லை.

"சேட்டா, எந்து பற்றி? பஞ்சரா? பம்பு நம்ம கையில் உண்டு" என்றபடி ஒருவர் இறங்கினார். பேட்டரியில் மாட்டுகிற சின்ன பம்பு. இரண்டு நிமிடத்தில் காற்று நிரம்பியது. அதற்குள் நான் செயினைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொருவர் என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, நான் வேலை செய்வதையே பார்த்தார்.

"சேட்டன் மெக்கானிக்கா? எந்தொரு ஸ்பீடு!" என்றார்.

எனக்கு அது போதுமாக இருந்தது. முப்பது வருடமாக நட்டு முடுக்குகிறேன், ஃபாக்டரியில் என் கை பட்டால் திரும்பி வராது என்றெல்லாம் அளந்துவிட்டேன். அவர்கள் கேட்கக் கேட்க எனக்கும் ஏறிக்கொண்டே போனது. அந்த நேரம் பார்த்து எஸ்டேட்காரர் ஒரு கையில் ஸ்பானரும் இன்னொரு கையில் நெயில் பாலிஷ் பாட்டிலுமாக வந்து நின்றார்.

"அண்ணே, நட்டை ஒரு தடவ பாத்துர்றேன்."

"இதெந்தா? நெயில் பாலிஷா?" என்று மலையாளத்துக்காரர் சிரித்தார்.

"அண்ணன் முடுக்குனத நான் பாத்து மார்க் போடணுங்க. அதான் எங்க பழக்கம்" என்று இவர் வெள்ளந்தியாக விளக்கம் சொன்னார்.

அந்நியர்கள் இரண்டு பேர் முன்னால், நான் முடுக்கினதை நாள் கூலிக்காரர் ஒருவர் பரிசோதிக்கப் போகிறார். என் மனதில் ஓடியது இதுதான். அழகுபடுத்திச் சொல்ல ஒன்றும் இல்லை.

"தேயிலைத் தூள் அரைக்கற கையி எனக்குப் பாஸ் மார்க் போடோணுமாக்கும்? நீங்க போயி டீ ஆறாம வருதான்னு பாருங்க எஸ்டேட்டு" என்றேன். மலையாளத்துக்காரர்கள் சத்தமாகச் சிரித்தார்கள். சிரிப்பு கிடைத்ததும் எனக்கு இன்னும் கொஞ்சம் வேண்டியிருந்தது. அவர் கையிலிருந்து பாட்டிலைப் பிடுங்கி, நானே நட்டின் மேல் சிவப்பாக ஒரு கோடு இழுத்தேன். "பாருங்க, பொட்டும் வெச்சாச்சு. பொண்ணு ரெடி."

அதற்கும் சிரித்தார்கள். எஸ்டேட்காரரும் சிரித்தார். ஸ்பானரைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். மலப்புறத்துக்காரர்கள் கை கொடுத்துவிட்டு ஊட்டிப் பக்கம் ஏறிப்போனார்கள். அவர்கள் போன பிறகுதான் டீ வந்தது. டீயைக் குடித்துவிட்டு நால்வரும் கிளம்பினோம்.

நடந்தது இதுதான். பின் சக்கரத்தை மாட்டும்போது முதலில் நட்டைக் கை விரலால் மட்டும் திருகி வைப்போம். செயினைப் பார்த்துச் சக்கரத்தை நேராக்கிய பிறகே ஸ்பானர் போட்டு இறுக்குவோம். நான் செயினைப் பார்த்தேன், சக்கரத்தை நேராக்கினேன். அப்போதுதான் அந்த மனிதர் என்னைப் புகழ ஆரம்பித்தார். இறுக்கிவிட்டதாகவே நினைத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். அந்த நட்டில் என் ஸ்பானர் படவே இல்லை.

நான்தான் கடைசி வண்டி. எனக்கு முன்னால் வாத்தியார். நாலைந்து வளைவு இறங்கியிருப்போம், அவருடைய பின் சக்கரம் பக்கவாட்டில் ஆடுவது எனக்குத் தெரிந்தது. ஹாரனை அழுத்தினேன். கிண்டலுக்கு அடிக்கிறேன் என்று நினைத்துக் கையை ஆட்டினார். அடுத்த வளைவில் செயின் கழன்று சக்கரத்தில் சிக்கியது. வண்டி இழுத்துக்கொண்டு போய் மண் மேட்டில் மோதியது. எதிரில் லாரி எதுவும் வரவில்லை. மறுபக்கம் விழுந்திருந்தால் பள்ளம்.

ஓடிப்போய்த் தூக்கினோம். வலது தோளைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தார். "டாக்டர், வண்டி ஆப்சென்ட் ஆயிருச்சுங்க" என்றார். அந்த வலியிலும் அவருக்குக் கிண்டல் வந்தது.

காய்கறி ஏற்றிவந்த பிக்கப் வண்டி ஒன்று நின்று ஏற்றிக்கொண்டது. கேரட்காரர் விழுந்த வண்டியோடு அங்கேயே இருந்துவிட்டார். கூடலூர் ஆஸ்பத்திரி வரைக்கும் எஸ்டேட்காரர் வாத்தியாரைத் தன் மார்பில் சாய்த்துக்கொண்டு, ஒவ்வொரு குழிக்கும் தன் உடம்பால் தாங்கிக்கொண்டே வந்தார். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். நட்டு ஞாபகத்துக்கு வந்துவிட்டது. விரலால் திருகியதுவரை நினைவிருந்தது, ஸ்பானர் போட்டது நினைவில் இல்லை. எவ்வளவு தேடியும் இல்லை. சொல்லவேண்டும் என்றால் அந்த அரை மணி நேரத்தில் சொல்லியிருக்கலாம்.

காறை எலும்பு முறிந்திருப்பதாகச் சொன்னார்கள். நாங்கள் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தபோது கேரட்காரர் வந்து சேர்ந்தார். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"நட்டு லூசுங்க. கையிலயே கழட்டிட்டேன். ஆனா மார்க் இருக்குதுங்களே!" என்று எஸ்டேட்காரரைப் பார்த்தார். "நீங்க பாத்துத்தான போட்டீங்க?"

எஸ்டேட்காரர் என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவை. கெஞ்சலும் கோபமும் அதில் இல்லை. நான் சொல்வேன் என்று காத்திருந்தார், அவ்வளவுதான். நான் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசிப் போஸ்டரைப் படித்துக்கொண்டிருந்தேன்.

"நான் பாத்திருக்கணும்ணே" என்றார் அவர்.

பொய் ஒரு சொல்கூட இல்லாத பதில். கேரட்காரர் தலையில் அடித்துக்கொண்டார். அடுத்து நான் செய்ததை எழுதவே கூசுகிறது. எஸ்டேட்காரர் தோளில் தட்டிக்கொடுத்தேன். "விடுங்க எஸ்டேட்டு, எல்லாருக்கும் வர்றதுதான்" என்றேன். என் தப்புக்கு அவரை நான் மன்னித்தேன்.

அப்புறம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் கிண்டல் தொடங்கியது. கேரட்காரர் நெயில் பாலிஷ் பாட்டில் படத்தைப் போட்டு, 'இது நகத்துக்கு மட்டும்' என்று எழுதினார். அதற்கு நானும் சிரிக்கிற பொம்மை ஒன்றை அனுப்பினேன். அனுப்பாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று அனுப்பினேன். மறுநாள் எஸ்டேட்காரர் குழுவிலிருந்து வெளியேறியதாகத் திரையில் ஒரு வரி வந்தது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. என் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கின மாதிரி இருந்தது. வெட்கக்கேடு, நிம்மதியாகவே இருந்தது.

எட்டு மாதம் இப்படிப் போனது. வாத்தியாருக்கு எலும்பு கூடியது, பள்ளிக்கூடத்தில் மறுபடியும் போர்டில் எழுத ஆரம்பித்தார். அடுத்த ஞாயிறு நாங்கள் மூவரும் வண்டி எடுப்பதாகப் பேச்சு. அதற்கு முந்தின வாரம் வாத்தியார் வண்டியை ஓட்டிக்கொண்டு என் குவார்ட்டர்ஸுக்கே வந்துவிட்டார்.

"பின் சக்கரத்தைக் கழட்டி மறுபடியும் மாட்டிக் குடுங்க டாக்டர். இனிமே இந்த வண்டியில உங்க கை தவிர வேற கையி படக்கூடாதுங்க. உங்களை நம்பித்தான் ஊட்டுல சம்மதம் வாங்கியிருக்கறேன்."

ஸ்பானரை எடுத்தேன். நட்டில் மாட்டினேன். இழுக்க முடியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மலப்புறத்துக்காரர்கள், பொட்டு, சிரிப்பு, தோளில் தட்டியது வரைக்கும்.

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். வாத்தியார் தன் தோளைத் தொட்டுக்கொண்டார்.

"படுத்த படுக்கையில இருந்து நான் எஸ்டேட்காரருக்கு ஃபோன் பண்ணுனனுங்க. ரெண்டு புள்ளைங்க இருக்கற மனுசன் நானு, உங்களை நம்பித்தான வண்டியை உட்டேன், ஒரு உசுரு உங்களுக்கு வெளையாட்டாப் போச்சான்னு கேட்டேன். இன்னும் என்னென்னமோ கேட்டேன். 'மன்னிச்சிருங்க சார்'னு ஒரே பேச்சுத்தான் சொன்னாரு." நட்டில் மாட்டியிருந்த ஸ்பானரைக் கழற்றிக் கீழே வைத்தார். "என்னைய எங்க கொண்டுபோயி நிறுத்திட்டீங்க பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை கேரட்காரரைக் கூப்பிடவில்லை. நாங்கள் இருவர் மட்டும் பஸ்ஸில் கோத்தகிரி போய், அங்கிருந்து எஸ்டேட்டுக்கு நடந்தோம். வரிசை வீடுகளில் கடைசி வீடு. வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தது எஸ்டேட்காரரின் மனைவி. வாத்தியாரை அடையாளம் கண்டதும் சோப்புக் கையை அப்படியே கூப்பிவிட்டார்.

"சார், கை நல்லாயிருச்சா சார்? நாங்களே வந்து பாத்திருக்கணும். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றதுன்னு இருந்துட்டோம். வண்டிய வித்துட்டாரு சார். நாந்தான் விக்கச் சொன்னேன். இன்னொருத்தர் உசுரோட வெளையாடுற கை நமக்கு வேணாம்னு சொல்லிட்டேன்."

உள்ளேயிருந்து எஸ்டேட்காரர் வந்தார். எங்களைப் பார்த்து ஆச்சரியப்பட்ட மாதிரி தெரியவில்லை. "வாங்கண்ணே" என்றார். அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார்.

"டாக்டர் அண்ணன்தானே நீங்க? இவர ஒரு வார்த்த திட்டல, தோள்ல தட்டி ஆறுதல் சொன்னீங்கன்னு சொன்னாரு. ஒங்களுக்குப் பெரிய மனசுண்ணே."

வாத்தியார் என்னைப் பார்க்கவில்லை. எனக்காக அவர் பேசப்போவதில்லை என்பது தெரிந்தது. பக்கத்து வீட்டு வாசல்களில் ஆட்கள் இருந்தார்கள். சத்தமாகவே சொன்னேன்.

"நட்டை முடுக்காம உட்டது நானுங்கம்மா. இவரு பாக்கறேன்னு ஸ்பானரோட வந்தாரு. கிண்டல் பண்ணி நாந்தான் பாக்க உடல. அந்தக் கோடும் நான் போட்டது. இவரு பேருல ஒரு தப்பும் இல்லீங்க."

கூப்பிய கை மெதுவாகக் கீழே இறங்கியது. என்னை அவர் ஒன்றும் கேட்கவில்லை. புருஷனைத்தான் கேட்டார்.

"எட்டு மாசமா நான் ஒங்கள என்னெல்லாம் பேசினேன்! எங்கிட்டக்கூட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ நம்புவ, நியாயம் கேக்கப் போவ" என்றார் எஸ்டேட்காரர். "வேற யாரு நம்பப் போறா?"

கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்கிற மாதிரி சொன்னார். எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, டீ போட உள்ளே போனார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் என் வாயை அடைத்தது பயம் என்று எட்டு மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று அந்த வராந்தாவில் எனக்குப் பயமே இருக்கவில்லை. அவர் உண்மையைச் சொன்னாலும் யாரும் நம்பமாட்டார்கள் என்று, அவருக்குத் தெரிந்த அளவுக்கு எனக்கும் தெரிந்திருந்தது.